பழஞ்சீனத்தின் மறுப்புச் சொல் ‘வெய்’ உங்களை எங்கே இடறியது?

வடகரை:
பழஞ்சீனம் படிக்கத் தொடங்கி நான்காவது மாதம். சீடர் ட்சிலு கன்பூசியஸிடம் சாவைப் பற்றிக் கேட்கும் இடம், உங்களுக்குத் தெரிந்ததுதான். “வாழ்வையே அறிய முடியாது, சாவை எப்படி அறிவது?” என்று வகுப்பில் வாசித்தேன். ஆசிரியர் திருத்தவில்லை. ‘பு’ (வெறும் ‘இல்லை’), ‘வெய்’ (‘இன்னும் இல்லை’) என்று இரண்டு எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி, ‘வெய்’யின் அடியில் மட்டும் சுண்ணக்கட்டியால் இரண்டு முறை தட்டினார். “வாழ்வையே இன்னும் அறியவில்லை” என்றல்லவா அவர் சொல்லியிருக்கிறார்! தேடிக்கொண்டிருந்தவரை நான் கைவிட்டவராக்கிவிட்டேன். அந்தத் தட்டல் இன்றும் காதில் கேட்கிறது.

கல்லணை:
எனக்கு எழுத்திலேயே இடறல். மேல்கோடு குட்டை, கீழ்க்கோடு நீளம் என்றால் ‘வெய்’. மேல்கோடு நீண்டால் ‘மோ’, அதாவது முனை, இறுதி. தேர்வில் அவசரமாக மேல்கோட்டை இழுத்துவிட்டேன். ‘இன்னும்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘முடிவு’ நின்றது. சிவப்பு மையில் அதைச் சுற்றியிருந்த வட்டம் அப்படியே கண்ணில் நிற்கிறது.

பனைநிழல்:
வடகரை சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. எல்லா ‘வெய்’க்கும் ‘இன்னும்’ போட்டால் கெட்டது. ‘வெய்பி’ என்றால் ‘அப்படித்தான் என்று சொல்வதற்கில்லை’. அங்கே ‘இன்னும்’ எங்கே இருக்கிறது? ‘வெய்’ வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அது கேள்வி. தாங் காலத்துக் கவிஞர் வாங் வெய் (பெயரிலுள்ள வெய் வேறு எழுத்து) ஊரிலிருந்து வந்தவரிடம், சன்னலோரப் பிளம் மரம் பூத்துவிட்டதா என்று கேட்கிறார். நான் ‘பூக்கவில்லை’ என்று படித்து, அவருக்காக வருந்திக்கொண்டிருந்தேன். அதனால் சொல்கிறேன்: முதலில் வினை எங்கே என்று பாருங்கள். பிறகு ஜப்பானியர் முறையைப் பழகுங்கள். பழஞ்சீனத்தைத் தங்கள் மொழியில் வாசிக்கும்போது அவர்கள் இந்த எழுத்தை இரண்டு முறை படிப்பார்கள். வினைக்கு முன் ‘இமாதா’ (இன்னும்), வினைக்குப் பின் ‘ஸு’ (இல்லை). நம் ‘இன்னும் வரவில்லை’யும் அதே அமைப்புத்தானே? வினையை நடுவில் வைத்து இரு பக்கமும் அணைக்கிறது. நாள்தோறும் பத்து வரியை இப்படிக் கையால் எழுதிப் பாருங்கள். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள்.

வடகரை:
பனைநிழல், ‘வெய்பி’ பற்றி மறுக்கவில்லை. ஆனால் நான் சொன்னது அந்த ஒரு வரியை. அதற்கு முந்தைய பதிலிலும் இதே ‘வெய்’ இருக்கிறது: “மனிதருக்கே இன்னும் தொண்டு செய்ய இயலவில்லை, ஆவிகளுக்கு எப்படி?” இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.