ஆயில் பெயிண்டிங்ல தெரு சீன்: நிழல் மட்டும் உயிரில்லாம வருது, யாராச்சும் சொல்லுங்க

கீரைக்கட்டு:
வணக்கம் நண்பர்களே. வேலை நாள்ல நேரம் கிடைக்காது, லீவு நாள்ல மட்டும் ஆயில்ல வரையுறேன். கோபுரம், மலை, சூரிய அஸ்தமனம் இதுல எல்லாம் மனசு போகல, எனக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதி காய்கறிக் கடைங்கதான் வேணும். நீல தார்ப்பாய் கட்டி, கீழ சாக்கு விரிச்சு, கீரைக்கு தண்ணி தெளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பாட்டி, குறுக்க ஒரு ஆட்டோ, தலைக்கு மேல கேபிள் ஒயரு, இது எல்லாம் சேர்ந்தாத்தான் எனக்கு அந்தத் தெரு. போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல வரையுறேன், டிராயிங் ஓரளவு ஓகே, ஆனா தார்ப்பாய்க்கு அடியில இருக்கிற இடம் மொத்தமும் கருப்பா அடைச்சுக்குது. வெள்ளை கலந்து தூக்கிப் பார்த்தா சாம்பலா வெளிறிடுது. இன்னொண்ணு, தூரத்துல நிக்கிற ஆளுங்க தரையில கால் படாம மிதக்குறாங்க. என்ன பண்ணலாம்?

பழைய_பிரஷ்:
சகோ, எனக்கு முதல் சந்தேகம் போட்டோ மேலதான். நல்ல வெயில்ல போன் வெளிச்சமான இடத்தைக் காப்பாத்தப் பார்க்கும், நிழல்ல இருக்கிற கலரை எல்லாம் விட்டுடும். அடுத்த தடவை போறப்ப போனை எடுக்காம அந்தத் தார்ப்பாய்க்கு அடியில கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாருங்க. வெயில் அந்த நீலத்துல புகுந்து வர்றதால பாட்டியோட வெள்ளை முடி, தராசுத் தட்டு, தோள்பட்டை எல்லாத்துலயும் நீலம் ஏறியிருக்கும். அதே நேரம் வெயில் பட்ட ரோட்டுல இருந்து எகிறி வர்ற வெளிச்சம் தாடைக்கு அடியில, முழங்கைக்கு அடியில ஒரு காவிச் சூட்டைக் கொடுக்கும். மேல நீலத்தோட குளிர்ச்சி, கீழ காவியோட சூடு, இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த நிழல். போன் கேமரா கலரை தானா சமன் பண்ணிடும், அதனால போட்டோல அந்த நீலமும் பாதி காணாமப் போயிடும்.

கலருக்கு ஐவரி பிளாக்ங்கிற கருப்பு டியூப்பை கொஞ்ச நாள் மூடி வைங்க. அல்ட்ராமரின் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும் கலந்தாலே நல்ல ஆழமான டார்க் வரும், நீலத்தை ஏத்தினா குளிர்ச்சி, சியன்னாவை ஏத்தினா சூடு. நிழலைத் தூக்கணும்னா டைட்டானியம் வெள்ளையை அள்ளிப் போடாதீங்க, அதுதான் சாம்பலாக்குறது, யெல்லோ ஆக்கர்ங்கிற மண் மஞ்சள் இல்லன்னா கொஞ்சம் சிவப்பு சேர்த்து தூக்குங்க. பெரிய கேன்வாஸ் இப்ப வேணாம், எட்டுக்கு பத்து இன்ச் கேன்வாஸ் போர்டு போதும், கண்ணை இடுக்கிப் பார்த்து வெயில் எது நிழல் எதுன்னு ரெண்டா பிரிச்சு மட்டும் போடுங்க, மூக்கு முழி ஒண்ணும் வேணாம். அது கிழக்கு மேற்கா போற தெரு, காலையில சீக்கிரம் போனா வெயில் தெரு நீளத்துக்கும் சாஞ்சு வரும், நிழலும் நீளமா படுத்திருக்கும். உச்சி வெயில்ல நிழல் அந்தந்த பொருளுக்கு அடியிலயே சுருங்கிடும், வரைய ஒண்ணும் இருக்காது.

பேனர்வீட்டுப்பையன்:
தம்பி, எங்க மாமா சினிமா பேனர் வரைஞ்சவர். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் அந்தத் தொழிலே போச்சு. கலர்ப் பொடியை லின்சீட் ஆயில்ல, அதாவது ஆளி விதை எண்ணெயில குழைச்சு, துணியில கட்டம் போட்டு வரைவாங்க. அந்த முகங்களைக் கிட்டப் போய் பார்த்தா கன்னத்துல பச்சை, கழுத்துல ஊதா, நெத்தியில ரோஸுன்னு இருக்கும், எதிர் பிளாட்பாரத்துல நின்னு பார்த்தா தோல் நிறம், அவ்வளவு பளிச்னு இருக்கும். நிழலுக்கு கலர் போட பயப்படவே கூடாதுன்னு சொல்லுவார். எனக்கு இன்னிக்கும் அந்த பேனர்தான் நம்ம ஊரு ஆயில் பெயிண்டிங், அதை ஆர்ட்டுன்னு யாரும் மதிக்காம விட்டதுல ரொம்ப வருத்தம் உண்டு.

மூணாவதுமாடி:
மிதக்குற பிரச்சனைக்கு: ரோடு சமமா இருந்து நீங்க நின்னுக்கிட்டு பார்த்தீங்கன்னா உங்க உயரம் இருக்கிற எல்லார் தலையும் ஒரே கோட்டுல வரும், கிட்ட இருந்தாலும் சரி தூரத்துல இருந்தாலும் சரி, கால் மட்டும்தான் ஏறி இறங்கும். ஆட்டோ கூரையும் ஏறக்குறைய அந்தக் கோட்டுலதான் நிக்கும். முதல்ல அந்தக் கோட்டைப் போட்டுட்டு ஆளுங்களை அதுல இருந்து தொங்க விடுங்க. அப்புறம் கால்கிட்ட ஒரு டார்க் நிழல் வைங்க, தரையில ஒட்டிக்குவாங்க.

கீரைக்கட்டு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நீல வெளிச்சம் விஷயம் யோசிச்சுப் பார்த்தா அப்படியேதான் இருக்கு! ஆனா தெருவுல ஈஸல் (படம் வைக்கிற ஸ்டாண்ட்) வச்சு நின்னா கூட்டம் கூடிடாதா? வீடும் சின்ன ஃப்ளாட், கலர் இளக்குற டர்பன்டைன் வாசனைக்கு அம்மா திட்டுறாங்க.

வடக்குவீதிஅக்கா:
ஈஸல் வேணாம்பா, மடியில வச்சுக்கிற மாதிரி சின்ன பெட்டி போதும், ஓரமா ஒரு படிக்கட்டுல உக்காருங்க. முதல்ல அந்தப் பாட்டிகிட்ட காய் வாங்குங்க, "உங்க கடையை வரையட்டுமா பாட்டி"ன்னு கேளுங்க, வேணாம்னா அடுத்த கடை. முடிச்சதும் கண்டிப்பா காட்டிட்டு வாங்க. தெருவுல இறங்க கூச்சமா இருந்தா மாடி ஜன்னலே போதும், பிசாரோங்கிற பிரெஞ்சு ஓவியர் 1897ல கண் நோவு காரணமா வெளிய நிக்க முடியாம பாரிஸ்ல ஒரு ஓட்டல் ரூம் ஜன்னல்ல இருந்தே மோன்மார்த்ர் பூல்வார்ங்கிற ஒரே தெருவை வெயில், பனி, ராத்திரின்னு திரும்பத் திரும்ப வரைஞ்சார்.

வாசனைக்கு, டர்பன்டைனையே விட்டுடலாம். கலரை லின்சீட் ஆயில் துளி விட்டு இளக்கிக்கோங்க, முதல் பூச்சுல ஆயில் கம்மி, மேல மேல பூசப்பூச கூட. பிரஷ்ஷை ஆயில்ல அலசி துணியில துடைச்சுட்டு சோப்பு போட்டு கழுவுங்க. ஒண்ணே ஒண்ணு, அம்மாகிட்டயும் சொல்லி வைங்க: லின்சீட் ஆயில் நனைஞ்ச துணியைக் கசக்கி மூலையில போடக் கூடாது, அது காயும்போது தானா சூடேறி தீப்பிடிக்கும். பால்கனியில தனித்தனியா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்தின மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க. மழைக்காலத்துல படம் காய நாள் ஆகும், அவசரப்பட்டு சுவரோட ஒட்டி சாச்சு வைக்காதீங்க, பின்னாடி பூஞ்சை பிடிச்சிடும்.

கீரைக்கட்டு:
துணி விஷயம் சத்தியமா தெரியாதுக்கா, இப்பவே எடுத்து விரிச்சுப் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில போறேன், எட்டுக்கு பத்து போர்டு வாங்கியாச்சு. வரைஞ்சதை இங்கயே போடுறேன், நிழலை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.