கதவுச் சட்டங்களுக்கு மர ரேகை: தொட்டியில் முக்குவதா, கையால் போடுவதா?

நீலவண்டி:
1938 மாடல் அமெரிக்க செடான் ஒன்றை மூன்று வருடமாகப் புதுப்பித்து வருகிறேன். இஞ்சின் ஓடுகிறது, பாடி வேலை முடிந்துவிட்டது. டேஷ்போர்டும், நான்கு கதவுகளிலும் உள்பக்கம் கண்ணாடியைச் சுற்றி வரும் சட்டங்களும்தான் பாக்கி. எல்லாம் இரும்புத் தகடு, மேலே மரம் போல ரேகை போட்டது. வெயில் பட்ட இடங்கள் வெளுத்துவிட்டன. மீதி இடத்தில் யாரோ பிரவுன் பெயிண்டை அடித்து மூடியிருக்கிறார்கள். ஹைட்ரோ டிப்பிங் செய்யலாம் என்று இருக்கிறேன், அதாவது தண்ணீர்த் தொட்டியில் ரேகை அச்சிட்ட ஃபிலிமை மிதக்கவிட்டு, சட்டத்தை அதில் முக்கி எடுப்பது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூரிகை:
தயவுசெய்து முக்காதீர்கள். இதைப் போன்ற சட்டங்களுக்கு இருபது வருடமாகக் கையால் ரேகை போடுகிறேன். ஃபிலிம் சமமான பரப்பில் அழகாகத்தான் உட்காரும். ஆனால் உங்கள் சட்டத்தில் மூலை வளைவு இருக்கிறது, கண்ணாடி பக்கம் உள்ளே மடிகிற விளிம்பு இருக்கிறது. அங்கே ஃபிலிம் இழுபடும். நேர்க்கோடாக வந்த ரேகை மூலையில் அகன்று, வெளிறி, மறுபடி குறுகும். மரம் ஒருபோதும் அப்படி வளையாது. பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண்ணை உறுத்தும்.

தொட்டிவேலை:
தூரிகை அண்ணா, உங்கள் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்து தள்ளிய வண்டிகளில் இந்த ரேகையே பெரும்பாலும் அச்சுதான். நிஜ மரத்தைப் படமெடுத்து, அந்த உருவத்தை உலோகத் தகட்டில் அரித்துப் பதிப்பார்கள். தகட்டில் மை தடவி வழித்தால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ரோலரை அதன் மேல் உருட்டி, அதே ரோலரை சட்டத்தின் மேல் உருட்டினால் ரேகை ஏறிவிடும். தொழிற்சாலை அச்சை இன்றைய அச்சால் மாற்றுவதை ‘போலி’ என்று எப்படிச் சொல்வது?

மூலையில் இழுபடுவது முக்குகிறவர் அவசரப்பட்டால் வருவது. தண்ணீர் சுமார் 30 டிகிரி இருக்க வேண்டும். ஃபிலிம் ஒரு நிமிடம் போல ஊறி இளகியதும் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே செய்தால் மை ஈரமாகிவிடும். பிறகு சட்டத்தைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக, ஒரே வேகத்தில் இறக்க வேண்டும். நான்கு கதவுக்கும் ஒரே சாயல் கிடைக்கும். கையால் போட்டால் முதல் கதவும் நான்காவது கதவும் ஒத்துப்போகுமா?

வால்நட்:
இரண்டும் வேண்டாம் என்பேன். நிஜ வெனீர், அதாவது தாள் போல மெல்லியதாகச் சீவிய மரம், ஒட்டிவிடுங்கள். ஜாகுவார் மார்க் 2 காரில் இருப்பது நிஜ வால்நட் மரம்தானே?

தூரிகை:
அந்த வண்டியில் மரம் வைக்கத் திட்டமிட்டே டேஷ்போர்டை வடிவமைத்தார்கள். இவருடையது வளைத்து அழுத்திய இரும்பு. இரண்டு பக்கமும் வளைகிற பரப்பில் வெனீர் சுருங்கும் அல்லது பிளக்கும். ஒட்டினாலும் பசை, வெனீர், வார்னிஷ் என்று கனம் ஏறி, சட்டம் பழைய இடத்தில் உட்காராது, திருகும் பிடிக்காது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

தொட்டிவேலை தம்பி, அச்சு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அச்சு எதன் மேல் விழுந்தது, எந்தத் திசையில் ஓடியது என்பதுதான் என் கேள்வி. ரோலர்காரர் கையில் சட்டத்தை வைத்துக்கொண்டு திசையைத் தீர்மானித்தார். தொட்டியில் முழுச் சட்டத்தையும் ஒரே ஃபிலிமில் முக்கினால் மேல்கட்டையிலும் பக்கக்கட்டையிலும் ரேகை ஒரே திசையில் ஓடும். ஆசாரி செய்த நிஜ ஜன்னலைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் ரேகை அதன் நீளவாக்கில் போகும். நீலவண்டி, உங்கள் வண்டியில் எப்படி இருந்தது? ரேகை அழியாத இடம் எங்காவது நிச்சயம் இருக்கும். தேடிப் பாருங்கள்.

நீலவண்டி:
தேடினேன். டேஷ்போர்டிலிருந்து சாம்பல் கிண்ணத்தைக் கழற்றியதும் அதன் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய ரேகை அப்படியே இருந்தது! நான் நினைத்ததைவிட நிறம் மிகவும் வெளிர். அடியில் காவி மஞ்சள், அதன் மேல் மெல்லிய கரும்பழுப்புக் கோடுகள், ஓரத்துக்கு வரவர யாரோ புகையில் காட்டியது போலக் கருமை. கதவுச் சட்டத்தில் திருகுத் தலைக்கு அடியிலும் கொஞ்சம் கிடைத்தது. தூரிகை ஐயா சொன்னது சரி, பக்கக்கட்டையில் ரேகை மேலிருந்து கீழாகத்தான் போகிறது.

தூரிகை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தத் துண்டை இனி யாரும் தேய்க்க விடாதீர்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காவி மஞ்சள்தான் பாதி வேலை. அடிநிறம் தப்பினால் மேலே என்ன ரேகை போட்டாலும் அது சாக்லேட் தாள் மாதிரி இருக்கும்.

ரேகை மையை மெல்லியதாகப் பூசி, அது பாதி காய்ந்து பிசுபிசுக்கத் தொடங்கும் நேரத்தில் உலர்ந்த பிரஷை நீளவாக்கில் இழுக்க வேண்டும். சீக்கிரம் இழுத்தால் கோடுகள் மறுபடி கலந்துவிடும், தாமதித்தால் பிய்ந்துவிடும். பிறகு மிருதுவான பிரஷால் கோட்டுக்குக் குறுக்கே மேலோட்டமாக ஒரு வருடல், அவ்வளவுதான். பிடிக்கவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி போடலாம். மூலை இணைப்பில் ஒரு பக்கத்துக்கு டேப் ஒட்டி, மறுபக்கம் காய்ந்த பிறகு போடுங்கள். ஓரக் கருமையைக் கடைசியில் ஸ்ப்ரேயில் லேசாகக் கொண்டுவரலாம்.

தொட்டிவேலை:
திசை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக மறைத்து நான்கு முறை முக்கலாம், ஆனால் இணைப்பில் மறைக்கும் வேலை கூடிவிடும். இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. டேஷ்போர்டு பெரியது, நடுவில் மீட்டர் துளைகள், ரேகை ஒரே திசை. முதல் முறை பிரஷ் பிடிக்கிறவர் அவ்வளவு அகலத்தை மை காய்வதற்குள் இழுத்து முடிப்பது கஷ்டம். பாதியில் நின்றால் நின்ற இடம் வரியாகத் தெரியும். சட்டம் கையால், டேஷ்போர்டு தொட்டியில் என்று பிரிக்கலாமே?

தூரிகை:
டேஷ்போர்டும் கதவும் ஒரே பார்வையில் படும், தம்பி. இரண்டு கையெழுத்து தெரியும். நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் கைவேலையில் அதே மையைக் கலந்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஃபிலிம் என்றால் அதே டிசைன் அப்போதும் கிடைக்க வேண்டும்.

தொட்டிவேலை:
ரிப்பேர் பற்றிச் சொன்னது நியாயம். அப்படியானால் முதல்முறை செய்பவருக்கு நடுவழி ஒன்று சொல்கிறேன், அந்தப் பழைய தகடு-ரோலர் முறையே. வீட்டில் செய்வதற்கான செட்டுகள் இன்றும் வருகின்றன. டேஷ்போர்டுக்கு அது தொட்டியைவிடப் பொருத்தம். சட்டத்திலும் கட்டைக்குக் கட்டை திசை மாற்றி உருட்டலாம்.

இன்னொன்று. எந்த முறையானாலும் கடைசியில் க்ளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, வேண்டும், புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வகையாக வாங்குங்கள். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் யூரித்தேன் க்ளியரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்கு ஆபத்தான ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் பிரயோஜனப்படாது, வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள். 1938 பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காமல் கெமிக்கல் ரிமூவர் போட்டு வழித்து எடுங்கள்.

தூரிகை:
ரோலர் என்றால் எனக்கு முழுச் சம்மதம்.

நீலவண்டி:
இருவருக்கும் நன்றி. ரோலர் செட் வாங்குகிறேன். முதலில் ஒரு பழைய இரும்புத் தகட்டில் காவி மஞ்சளை மூன்று சாயலில் அடித்து, சாம்பல் கிண்ணத் துளை பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அது ஒத்துப்போன பிறகு இடது பின்கதவுச் சட்டம், உட்காருபவர் கண்ணில் அதிகம் படாதது அதுதான். படம் போடுகிறேன், மூலை இணைப்பைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.