ஸ்டோன்வேர் பூ ஜாடியின் அடியில் ஈரம் கசிகிறது

கேள்வி (மூஞ்சிக்கல், கொடைக்கானல்)
மண்ணைக் கயிறாகத் திரித்து அடுக்கிச் செய்த 25 செ.மீ. ஜாடி. ஸ்டோன்வேர் மண் (அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் களிமண்). பிஸ்க் (பூச்சுக்கு முன் சுடும் முதல் சூடு) 950 டிகிரி, கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பூச்சு) போட்டுச் சுட்டது 1060 டிகிரி. அடிவட்டம் தவிர உள்ளேயும் வெளியேயும் கிளேஸ் இருக்கு. கல்லா லில்லி வைக்கத் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் மேஜையில் வட்டமாக ஈரம். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியலை. மறுபடி சூளையில் வைத்து 1220 வரை ஏற்றலாமா?

பதில் 1
ஏற்றாதீங்க. 1060க்கு உருகுற கிளேஸ் 1220ல் வழிந்து இறங்கி, ஜாடி சூளைத் தட்டோட ஒட்டிக்கும். ரெண்டையும் பிரிக்க முடியாது.

மண் வேகலை, அதுதான் கோளாறு. ஸ்டோன்வேர் பொதுவா 1200க்கு மேலதான் இறுகும். 1060ல் கிளேஸ் பளபளன்னு வந்தாலும் உள்ளே மண் பஞ்சாவே இருக்கும். அதே சூட்டில் சுட்ட, கிளேஸ் போடாத துண்டு ஒண்ணை எடை போடுங்க. சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துட்டு மறுபடி எடை போடுங்க. 100 கிராம் 110 ஆனால் 10% உறிஞ்சுது. பூ ஜாடிக்கு 2%க்குக் கீழே வரணும்.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் கிளேஸைத் தாண்டித்தானே தண்ணீர் மண்ணுக்குப் போகணும்? ஜாடியின் உட்புறம் பேனா மசியைத் தடவி, அஞ்சு நிமிஷம் கழித்து ஈரத்துணியால் துடைங்க. முடி கனத்தில் வலைக்கோடு தெரிஞ்சால் கிளேஸ் வெடிச்சிருக்கு. ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமா சுருங்குறதால வர்றது இது. அடுத்த ஜாடியை 1220க்கான கிளேஸ் போட்டுச் சுட்டு, அதிலும் இதே கோடு வந்தால் கிளேஸில் சிலிக்காவை 3, 5, 7% என்று கூட்டி மூணு சின்ன ஓட்டில் சுட்டுப் பாருங்க.

கேள்வி கேட்டவர்
மசி வலைக்கோடா நின்னுடுச்சு. இந்த ஜாடியை என்ன செய்யலாம்?

பதில் 3
உள்ளே கண்ணாடிக் குழாயோ ஒல்லியான டம்ளரோ இறக்கி, தண்ணீரை அதில் மட்டும் ஊற்றுங்க. தேன்மெழுகு உருக்கிப் பூசலாம், ஆனா வெந்நீர் பட்டால் போயிடும்.

அடுத்த ஜாடிக்கு ஒண்ணு: மூடுபனி நாளில் மண் காய்ந்த மாதிரி நிறம் வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்தால் ஜில்லுன்னு இருக்கா, இன்னும் காயலை. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால பிஸ்க்குக்கு முன்னாடி சூளையை 80ஐத் தாண்டவிடாம ராத்திரி முழுக்க வைங்க, மூடி கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். அவசரப்பட்டு ஏற்றினால் உள்ளே ஆவி கட்டி, கனமான அடிப்பகுதிதான் முதல்ல வெடிக்கும்.