புதுப்பிப்பு: கோயில் மண்டப உத்திரத்தில் கார்பன் பட்டை உப்பியது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தின் கான்கிரீட் உத்திரத்தைப் பலப்படுத்த ஒட்டிய கார்பன் நார்ப் பட்டை உப்பியதைப் பற்றிக் கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

"நாணயத்தால் தட்டிப் பாருங்கள், அப்புறம் கூரையைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரண்டு இடத்தில் பொள்ளல் சத்தம், அதாவது அங்கே பட்டை ஒட்டாமல் உள்ளே வெற்றிடம். நேர் மேலே கூரை ஒழுகியது. நார் கெடவே இல்லை, ஈரத்தில் எபாக்சி பசைதான் பிடி விட்டிருந்தது. ஒழுக்கை அடைத்து, கான்கிரீட்டின் ஈரம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறியாளர் எங்களைக் காக்க வைத்தார். பிறகு புதுப் பட்டை. பட்டையைப் பிய்த்து இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில், இழுப்பு 1.4 மெகாபாஸ்கலைத் (பரப்பளவுக்கான விசையின் அலகு) தாண்டிய பிறகு கான்கிரீட்தான் பிய்ந்தது, பசை விடவில்லை. அப்படித்தான் வர வேண்டுமாம்.

எதிர்பாராத ஒன்று: பட்டையைத் தொட்டிருந்த இரும்பு போல்ட் மட்டும் மோசமாகத் துருப்பிடித்திருந்தது. கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரமும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். இடையில் கண்ணாடி நார் வைத்துவிட்டோம். வெயிலில் பசை கெடாமல் இருக்க, வெயில் படும் ஓரத்துக்குச் சாயமும் அடித்தாயிற்று.