விக்மோர் ஹால்ல ஒரு சீசன் கேட்டேன், உங்க அனுபவத்தையும் எழுதுங்க

லண்டன் வந்து 6 வருஷம் ஆச்சு. வெஸ்டர்ன் கிளாசிக்கல்னா எனக்குத் தெரிஞ்சது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, முன்னாடி ஒருத்தர் குச்சி வெச்சுக்கிட்டு நிப்பாரு, அவ்ளோதான். நாலே பேர் உக்காந்து மைக் இல்லாம வாசிக்கிறதும், ஒரு பாடகர் ஒரு பியானோன்னு கச்சேரி பண்றதும், அதுக்குன்னே வர்ற கூட்டமும் இருக்குன்னு போன செப்டம்பர்லதான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரில என்கூட நைட் டியூட்டி பாக்குற சீனியர் நர்ஸ் ஒருத்தங்க, தனக்கு வர முடியலன்னு ஒரு டிக்கெட்டைக் குடுத்தாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது, ஜூலை வரைக்கும் விடல.

ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டுக்குப் பின்னாடி விக்மோர் ஸ்ட்ரீட்ல இருக்கு ஹால். சின்னதுதான், சுமார் 550 சீட். 1901ல பெக்ஸ்டைன்ங்குற ஜெர்மன் பியானோ கம்பெனி கட்டினது, முதல் உலகப்போர் வந்ததும் எதிரி சொத்துன்னு புடுங்கி வித்துட்டாங்க, 1917ல இப்ப இருக்கிற பேர்ல திறந்தாங்க. அதே மேடையில இன்னிக்கு சீசன் முழுக்க ஜெர்மன் பாட்டு வந்துக்கிட்டே இருக்கு, அத நெனச்சா மனசுக்கு நல்லா இருக்கு.

முதல்ல போனது ஹைடன்ங்குற இசையமைப்பாளரோட ஸ்ட்ரிங் குவார்டெட். ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மூணாவது வரிசை எனக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முதல் வயலின்காரங்க மூக்கால "ஸ்ஸ்"னு மூச்சு இழுத்தாங்க பாருங்க, அந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு! அந்த மூச்சுதான் மத்த மூணு பேருக்கும் எடுப்பு. தாளம் போட ஆள் இல்ல, மிருதங்கம் இல்ல, ஒருத்தர் மூச்ச ஒருத்தர் பாத்து நாலு வில்லும் ஒண்ணா இறங்குது. என் கை தானா தொடையில தாளம் போட ஆரம்பிச்சிருச்சு, சின்ன வயசுல மயிலாப்பூர்ல தாத்தா கூட கச்சேரிக்கு போன பழக்கம். பக்கத்துல ஒரு வெள்ளக்கார பாட்டி, எண்பது வயசு இருக்கும், என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. தப்பு பண்ணிட்டோமோன்னு கைய மடக்கிக்கிட்டேன். இடைவேளையில அவங்களே திரும்பி, "என்ன எண்ணிக்கிட்டு இருந்தீங்க, எனக்கும் சொல்லிக் குடுங்களேன்"ன்னு கேட்டாங்க. ஆதி தாளம் சொல்லிக் குடுத்தேன், விரல் விட்டு எண்ணி எண்ணி போட்டுப் பாத்தாங்க. அதுக்கப்புறம் சீசன்ல நாலஞ்சு தடவ அவங்கள பாத்துட்டேன்.

ஆனா நான் இத எழுத உக்காந்ததே ஜனவரில கேட்ட, ஷூபர்ட்ங்குற இசையமைப்பாளரோட "வின்டர்ரைஸ"வுக்காக. குளிர்காலப் பயணம். 24 பாட்டு, இடைவேளையே இல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல போகும். காதல் கைவிட்டுப் போன ஒருத்தன், ராத்திரியோட ராத்திரியா பனியில ஊர விட்டு கிளம்புறான். மொதல் பாட்டுல, அவ தூக்கம் கலையக் கூடாதுன்னு காலடிச் சத்தம் கேக்காம நடந்து, வாசல்ல "குட் நைட்"னு எழுதி வெச்சுட்டுப் போறான். அது வரைக்கும் மைனர்ங்குற சோகமான ஸ்கேல்ல போன பாட்டு அந்த எடத்துல மேஜர் ஸ்கேலுக்கு மாறிடும். நம்ம பாஷையில சொன்னா சாதாரண காந்தாரம் போய் அந்தர காந்தாரம் வந்துருது. துக்கத்துல இப்படி ஒரு வெளிச்சமான்னு எனக்கு தொண்ட அடச்சுக்கிச்சு.

கடைசிப் பாட்டு, ஊருக்கு வெளிய ஒரு கிழவர், வெறுங்கால்ல பனிக்கட்டி மேல நின்னு கைப்பிடிய சுத்தி வாசிக்கிற ஒரு பழைய வாத்தியப் பெட்டிய வாசிக்கிறாரு, தட்டுல காசு இல்ல, நாய்ங்க உறுமுது, யாரும் கேக்கல. பியானோவோட இடது கைல பாட்டு முழுக்க ச-ப, ச-ப, வேற ஒண்ணுமில்ல, தம்புரா மாதிரியே. முதல் ரெண்டு தடவ மட்டும் அதுக்கு முன்னால ஒரு சின்ன ஸ்வரம் உரசிட்டு விழும், பழைய பெட்டிய சுத்த ஆரம்பிக்கிறப்போ வர்ற மாதிரி. நம்ம ஊர்ல தம்புரா கேட்டா சாமி ரூம்ல உக்காந்த மாதிரி இருக்கும், இங்க அதே ச-ப இவ்ளோ அனாதையா இருந்துச்சு. பாட்டு முடிஞ்சது, பியானோக்காரர் கைய எடுக்கல, பாடினவர் தலைய நிமித்தல, ஹால்ல ஒரு சீட் கூட கிறீச்சிடல. அரை நிமிஷமாவது இருக்கும். அப்புறம்தான் ஒருத்தர் கை தட்டினாரு.

இதை 1827ல எழுதினாரு ஷூபர்ட். அடுத்த வருஷம் நவம்பர்ல போயிட்டாரு, 31 வயசுதான், படுக்கையில கெடந்துக்கிட்டே ரெண்டாம் பாகத்துக்கு ப்ரூஃப் திருத்தினாராம். நான் தினம் வார்டுல கடைசி நாட்கள்ல இருக்கிறவங்கள பாக்குறவ, எனக்கு அத படிச்சுட்டு ரெண்டு நாள் வேற நெனப்பே இல்ல.

—

தங்கச்சி, வாசிச்சிட்டு எழுதாமல் இருக்கேலாமல் போச்சு. நான் ஜெர்மனிக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல, லைப்சிக்கில இருக்கிறன். இங்க தோமஸ் தேவாலயத்தில வெள்ளி பின்னேரமும் சனி மத்தியானமும் மொத்தெட் எண்டு ஒரு மணித்தியாலம் பாட்டும் செபமுமாய் நடக்கும். பாடுற பொடியன்களின்ர குழு 1212ல தொடங்கினது, இசையமைப்பாளர் பாக் 1723ல இருந்து சாகும் வரைக்கும் அவையளுக்குப் பொறுப்பாய் இருந்தவர், அவற்ர கல்லறையும் உள்ளுக்க பீடத்துக்கு கிட்டத்தான் கிடக்கு, எப்பவும் ஆரும் பூ வைச்சிருப்பினம். பாடுறவை பின்பக்கம் மேல மாடத்தில நிக்கிறபடியால் முகம் தெரியாது, சத்தம் மட்டும் மேலயிருந்து இறங்கும்.

ஒருக்கா புனித கிழமையில பாக்கின்ர மத்தேயு பாடுகளின் இசைக்கு போனனான். அது முதன்முதல் 1727 பெரிய வெள்ளிக்கு உதே கோயிலிலதான் பாடினது. கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். யேசு கதைக்கிற ஒவ்வொரு இடத்திலயும் வயலின்கள் அவரைச் சுத்தி மெல்லமாய் ஒரு ஒளிவட்டம் மாதிரி வாசிக்கும். "என் இறைவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" எண்டு கத்துற இடத்தில மட்டும் அந்த வயலின் ஒண்டும் இல்லை. விட்டிட்டுப் போட்டுது. அந்த மனிசன் தனிய. எனக்கு ஊரில தவக்காலத்தில அம்மம்மா ஆக்கள் இருந்து படிக்கிற வியாகுலப் பிரசங்கம் அப்பிடியே காதுக்க வந்திட்டுது, அந்த இழுவை, அந்த அழுகை. அம்மம்மா செத்தநேரம் என்னால ஊருக்குப் போகேலாமல் போனது. அண்டைக்குத்தான் நான் அவவுக்காக அழுதனான், அதுவும் முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில. பக்கத்தில இருந்தவர் ஒண்டும் கதைக்கேல்ல, ஒரு டிஷ்யூ பக்கெட்டை மட்டும் என்ர பக்கம் தள்ளி வைச்சார்.

—

அக்கா, எனக்கு அடுத்த மாசம் அந்த ஹாலுக்குப் பாட்டுக் கச்சேரி கேக்கப் போகணும், ஆனா ஜெர்மன் ஒரு வார்த்த தெரியாது. சும்மா டியூன் மட்டும் கேட்டா போதுமா? கர்நாடக சங்கீதத்துல தெலுங்கு புரியாமதான கேக்குறோம்?

—

அண்ணா, நீங்க எழுதினத என் டியூட்டி பிரேக்ல படிச்சேன், எழுந்து முகம் கழுவிட்டு வந்தேன்.

தம்பி, தெலுங்கு கேக்குற மாதிரி இத கேட்டுட்டு வராதீங்க, பாதிதான் கிடைக்கும். இங்க கவிதை மொதல்ல, பாட்டு அதுக்கு அப்புறம் பொறந்தது. பியானோல காத்து அடிக்கிறது, தண்ணி ஓடுறது, நாய் உறுமுறது எல்லாம் அந்தந்த வார்த்தைக்குதான். புரோகிராம் புக்ல ஒரு பக்கம் ஜெர்மன், பக்கத்துலயே இங்கிலீஷ் போட்டிருப்பாங்க, நான் முந்தின நாளே மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து தமிழ்ல எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டுப் போவேன், அப்போ அங்க போய் தலைய குனிஞ்சு படிக்க வேண்டியதில்ல, பாடுறவங்க முகத்தப் பாக்கலாம். புக்ல பக்கம் திருப்பணும்னா பியானோ முழுசா முடிஞ்சதுக்கப்புறம் திருப்புங்க. 35 வயசுக்கு கீழன்னா பல கச்சேரிக்கு 5 பவுண்டு டிக்கெட் உண்டு, கேட்டுப் பாருங்க. இருமல் மிட்டாய் கொண்டு போனா பேப்பரை வெளியவே பிரிச்சு வெச்சுக்கோங்க, உள்ள அந்த சத்தம் பின் வரிசை வரைக்கும் போகும்.