காஷ்மீர் குரூவல் துணியை சோபாவுக்குப் போடலாமா?

மாடிவீட்டு மல்லி:
கண்காட்சியில் ஒரு காஷ்மீர் ஸ்டாலில் குரூவல் துணி பார்த்தேன். வெள்ளைப் பருத்தியில் உல்லன் நூலால் கொடியும் பூவும் சினார் இலையுமாக ஓடுகிறது, மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். சோபாவுக்கு உறை, மிச்சத்தில் ஜன்னலுக்கு கர்டன் என்று ஆசை. வீடு சென்னையில், வாண்டுகள் இரண்டு பேர். தாங்குமா? கைவேலைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டிங் மாஸ்டர்:
சோபா சீட்டுக்கு வேண்டாம்மா. நம்ம ஊரில் ப்ளவுஸுக்கு ஆரி வொர்க் போடுகிறார்களே, அதே மாதிரி கொக்கி ஊசியில் போடும் சங்கிலித் தையல்தான் இதுவும். மேலே தெரிவதெல்லாம் நூல் வளையம், கொலுசு மாட்டினாலே இழுபடும், நுனி அறுந்துவிட்டால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

கர்டனுக்குத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் டிசைன் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளக்காமல் வாங்காதீர்கள். 30 அங்குலம் என்று வையுங்கள். 7 அடி கர்டனுக்கு மடிப்பெல்லாம் சேர்த்து 96 அங்குலம் போதும், ஆனால் பக்கத்துக் கர்டனில் பூ அதே உயரத்தில் வரவேண்டுமென்றால் 30-இன் மடங்காக ஒவ்வொன்றுக்கும் 120 கணக்குப் போடணும். மிஞ்சும் 24 வீணில்லை, அகலம் 54 அங்குலம் இருந்தால் 16 அங்குலக் குஷனுக்கு மூன்று முன்பக்கம் தேறும். லைனிங் கட்டாயம், இல்லாவிட்டால் வெயிலில் சாயம் வெளுக்கும்.

பூனைக்காரி:
எங்கள் வீட்டுப் பூனை கர்டனையும் விடவில்லை, அது வேறு கதை. கைவேலையா என்று பார்க்க ஒரே மாதிரி இரண்டு இலைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் போட்டது என்றால் வளைவு கொஞ்சம் மாறும், தையல் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக இருக்கும். மெஷினில் எல்லாம் அச்சு அசல். துளையிட்ட காகிதத்தின் மேல் பொடி தட்டித்தான் டிசைனைத் துணியில் இறக்குவார்கள், அந்தக் கோடு சில இடத்தில் தையலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும், அதைக் கறை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் துவைக்கவே கூடாது, டிரை வாஷ்தான். அப்புறம் பூச்சி! அது கம்பளியை மட்டும் தின்னும், பருத்தியைத் தொடாது. பூ இருந்த இடத்தில் ஊசித் துளைகளோடு வெறும் துணி நிற்கும். மாதம் ஒருமுறை மடிப்புகளை உதறி, வேக்யூம் போட்டால் போதும்.

மாடிவீட்டு மல்லி:
சரி, சோபாவை விட்டுவிட்டேன். டேப்போடு போகிறேன் மாஸ்டர். உல்லன் இல்லாமல் பருத்தி நூலில் போட்டது கிடைக்குமா?

பூனைக்காரி:
கிடைக்கும், பூச்சித் தொல்லையும் குறைவு. ஆனால் பூ அவ்வளவு புசுபுசுவென்று எழும்பி நிற்காது.