புதுப்பிப்பு: உப்புவெளி விடியல் படங்களில் செம்மஞ்சள் திரும்பி வந்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் எடுத்த சூரிய உதயமெல்லாம் சாம்பல் பூசினதுபோல, சூரியனைச் சுற்றி வெள்ளை ஓட்டையோடு வருகிறது என்று. காரணம் பிடிபட்டது. முதல் குற்றவாளி ஆட்டோ வைட் பேலன்ஸ். விடியலின் நிறத்தைப் பிழை என்று நினைத்துக் கமராவே திருத்திவிடுகிறது, நான் ஜேபெக்கில் (கமரா நிறத்தைத் தானே முடிவுசெய்து சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) எடுத்ததால் முழுதாக மீட்கவும் வழியில்லை. நேற்று கமரா திருத்தாத ரா ஃபைலாக எடுத்தேன், வைட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில், சுமார் 5500 கெல்வினில் வைத்தேன்.

வெள்ளை ஓட்டை தொடங்குவது சிவப்பில். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் தெரியும், சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வலது ஓரத்தில், அதாவது மிகை வெளிச்சத்தில், முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ஸ்டொப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுத்து, நிழலைப் பிறகு லைட்ரூம் மென்பொருளில் தூக்கினேன். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கறுப்புக் கட்டியாக இல்லாமல் பாறையாகவே தெரிகிறது!

அப்புறம், ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போகாதீர்கள். லென்ஸில் ஆவி படிந்து, நான் சேர்ட் நுனியால் துடைத்துக்கொண்டு நிற்க, கரைவலை இழுத்த ஐயா ஒருவர், "தம்பி, சூரியன் மேல வந்திட்டுது" என்றார். அரை மணி நேரம் முன்பே கமராவைப் பையோடு வெளியே வைத்தால் போதும்.

தொடுவானம் மட்டும் இன்னும் சரிகிறது. அது என் கை.